வாய் வைக்காத முகமூடி

"வீட்டுல உங்க முகம் எப்படி இருக்குமோ, அதையே செய்ங்க" என்று சொல்லியிருந்தார், பெரியவர்களுக்கான முகமூடி வகுப்பு டீச்சர். நேற்று ஆளுக்கொரு மறைப்புக்குள் உட்கார்ந்து, ஈரக் காகிதத்தை அவரவர் முகத்திலேயே ஒட்டி எடுத்த முகமூடிகள், இன்று மேஜையில் காய்ந்து கிடந்தன.

முதலில் எழுந்தாள் தையல்காரி. வாயே இல்லாத முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு பேசினாள்.

"நான் வாயத் தொறந்தாலே வீட்டுல சண்டைதான். எதுக்கு வம்புன்னு வாயே வைக்கல. அவருக்கென்ன, பேச வேண்டியதப் பேசிட்டு வேலைக்குக் கெளம்பிடுவாரு."

"பாவம்" என்றது ஒரு குரல்.

"ஆனா டீச்சர், இது தொளதொளன்னு இருக்கே. காய்ஞ்சா பெருசாகுமா?"

"சுருங்கத்தாம்மா செய்யும். மாத்தி எடுத்துட்டீங்க போல."

கடைசி நாற்காலிக்காரர் தயங்கி எழுந்தார். மேஜையில் மிச்சமிருந்த இன்னொரு வாயில்லாத முகமூடியை முகத்தில் வைத்துப் பார்த்தார். அது அவருக்குப் பத்தவில்லை.

"அவங்க போட்டிருக்கிறது என்னோடது" என்றார்.

"நீங்க ஏன் சார் வாய் வைக்கல?"

"அவங்க சொன்ன அதே காரணந்தான், டீச்சர்."

தையல்காரி முகமூடியைக் கழற்றி, கடைசி நாற்காலியருகே நின்ற தன் கணவரிடம் நீட்டினாள்.

"சொல்லுங்க" என்றாள். "இன்னிக்கு நான் குறுக்கே பேசல."