எலுமிச்சை வாசம்

பயணிகள் கப்பலில் ஒயின் பரிமாறும் அமல்ராஜுக்குத் திங்கட்கிழமை சென்னையில் தேர்வு. தேறினால்தான் மறுபடியும் கப்பல் ஏற முடியும். சேவூர் வீட்டில், தான் கொண்டுவந்த ஸ்பெயின் நாட்டு ஒயினை வைத்து ஒத்திகை பார்த்தான். மனைவி லிடியா சமையலறையிலிருந்து கோப்பையை நிரப்பி எடுத்து வந்தாள்.

"நான்தான் கஸ்டமர். இது இன்னாங்க?"

"அல்பரினோ மேடம். ஸ்பெயின்ல கடலோரமா வெளையிற திராட்சை. வெள்ளை ஒயின்."

"எப்டி இருக்கும்?"

அவன் கோப்பையைச் சுழற்றி, மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினான்.

"மொதல்ல எலுமிச்சை வாசம். அப்புறம் பச்சை ஆப்பிள். கடைசியா லேசா உப்புக் காத்து, கடற்கரையில நிக்கிற மாதிரி."

"தொட்டுக்க?"

"இறால், நண்டு, வறுத்த மீன். காரம் மட்டும் கம்மியா இருக்கணும் மேடம்."

"அப்ப நம்ம வூட்டுக்கு ஆகாது."

அமல்ராஜ் சிரித்துக்கொண்டே கோப்பையை வாயருகே கொண்டுபோனான். லிடியா சட்டென்று அவன் கையைப் பிடித்தாள்.

"குடிக்காதீங்க. அது கருவாடு ஊறவச்ச தண்ணி. துணியில வடிகட்டி ஊத்துனேன்."

அவன் இன்னொரு முறை முகர்ந்து பார்த்தான். பிறகு கோப்பையைக் கீழே வைத்தான்.

"நேத்து பால் தீஞ்ச நாத்தத்துல, பக்கத்து வூட்ல தறி நெய்யிறவங்க எழுந்து ஓடியாந்தாங்க. நீங்க அடுப்பாண்ட ஒக்காந்து பேப்பர் படிச்சிகினு இருந்தீங்க. எப்பலேந்து இப்டி?"

"போன வருஷம் காய்ச்சல் வந்ததுலேந்து. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும், லிடியா. எல்லாத்தையும் மனப்பாடமா சொல்லிகினு ஓட்டுறேன்."

"நாளைக்கு வேலூருக்கு டாக்டராண்ட போறோம்," என்றாள் லிடியா. "அவராண்டயாவது மனப்பாடமா ஒப்பிக்காதீங்க."