கணக்கை முடக்கிய கை

"சதி! அப்பட்டமான சதி!" என்று கத்தினார் ரெமிஜியஸ்.

கைப்பேசியில் வந்திருந்த தகவல் இதுதான்: அவருடைய இணையதளத்தில் வரும் விளம்பரங்களை யாரோ சந்தேகப்படும்படி திரும்பத் திரும்பத் தட்டியிருக்கிறார்கள். அதனால் விளம்பரக் கணக்கு முடக்கப்படுகிறது. ஒரே ஒரு தடவை மேல்முறையீடு செய்யலாம். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

ஓய்வுபெற்ற சர்வேயரான ரெமிஜியஸ், குடவாசலில் இருந்துகொண்டு அந்தத் தளத்தில் கதை எழுதுகிறார். சாதாரணக் கதையா? குடமுருட்டி ஆற்று முதலை கரையேறி வந்து, சேற்றில் சிக்கிய டிராக்டரைத் தள்ளிவிட்ட கதை. ஒற்றை நண்டு ஒரு மா நிலத்துக்கு நடவு நட்ட கதை. எல்லாம் அவர் கண்ணால் பார்த்தது.

விளம்பரம் நின்றால் எழுதுவதையே நிறுத்திவிடுவேன் என்று போன மாதமே வீட்டில் சபதம் போட்டிருந்தார். இப்போது எழுத்தே போகிற நிலைமை.

நேராக செல்லதுரையின் உரக்கடைக்குப் போனார். அவர் கதைகளைக் கேலி செய்வதில் அந்த ஊரிலேயே செல்லதுரைதான் முதல் ஆள்.

"ஏன்யா, பொறாமை இருந்தா நேர்ல திட்ட வேண்டியதுதானே? திருட்டுத்தனமா விளம்பரத்தைத் தட்டித் தட்டி என் கணக்கை ஒழிச்சிட்டியே!"

செல்லதுரை யூரியா மூட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"விளம்பரத்தைத் தட்டணும்னா முதல்ல உன் கதையைத் திறக்கணுமேய்யா. அந்தத் துணிச்சல் எனக்கு ஏது?"

தளத்தை அமைத்துக் கொடுத்தவள் செல்லதுரையின் மகள் எழில்மொழி. கல்லாவில் உட்கார்ந்திருந்த அவள் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள்.

"பாருங்க பெரியப்பா. மத்த நாள்ல விளம்பரத்தை ஈ காக்கா தொடலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் திருவிழாக் கூட்டம்."

"வெளிநாட்டு வாசகர்களா இருக்கும்மா. அவங்களுக்கு அப்பத்தான் பொழுது விடியும்."

"அத்தனையும் உங்க வீட்டு வைஃபையிலேர்ந்து வந்திருக்கு பெரியப்பா. ஒவ்வொரு தட்டுக்கும் விளம்பரம் கொடுத்தவர் காசு கட்டுறாரு, அதுல உங்களுக்கும் பங்கு வருது. வீட்டுக்குள்ளேர்ந்தே தட்டினா திருட்டுன்னுதானே கம்பெனி நினைக்கும்?"

செல்லதுரை சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ரெமிஜியஸ் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பினார்.

அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். வீட்டுக் கூடத்தில் அன்பியக் கூட்டம். தெருவிலுள்ள கத்தோலிக்கப் பெண்கள் வாராவாரம் அங்கேதான் கூடி ஜெபமாலை சொல்வார்கள். ஜெபம் முடிந்திருந்தது. ஆனால், ஒருத்தி தலையும் நிமிரவில்லை. எல்லோர் விரலும் கைப்பேசியில்.

"தட்டாதவளுக்குச் சுண்டல் கிடையாது!" என்று அதட்டிக்கொண்டிருந்தாள் அன்பியத் தலைவி பாத்திமா மேரி. "எல்சி, நீ வீட்டுக்காரி. கூட ரெண்டு தட்டு!"

ரெமிஜியஸின் மனைவி எல்சி, பயபக்தியோடு தட்டினாள்.

"அடிப்பாவிகளா! என்ன பண்றீங்க?"

"மெழுகுவத்தி ஏத்துற மாதிரிதாண்ணே. ஜெபம் முடிஞ்சதும் ஆளுக்குக் கொஞ்சம் உங்க விளம்பரத்தைத் தட்டிட்டுப் போவோம்" என்றாள் பாத்திமா மேரி. "போன வாரம் நான் தட்டினதுல களையெடுக்குற மிஷின் ஒண்ணு வீட்டுக்கே வர்றதா இருந்துச்சு. நல்லவேளை, எங்க வீட்டுக்காரர் பார்த்து ஆர்டரை நிறுத்திட்டார்."

ரெமிஜியஸ் நாற்காலியில் சரிந்தார். ஊரெல்லாம் தேடிய எதிரி, அவர் வீட்டுக் கூடத்திலேயே சுண்டலுக்குக் காத்திருந்திருக்கிறான். எழில்மொழி சொன்னதையெல்லாம் எடுத்துச் சொன்னார்.

எல்லாரும் கைப்பேசியைக் கீழே கவிழ்த்து வைத்தார்கள்.

"திருட்டாண்ணே அது?" பாத்திமா மேரி நெஞ்சில் கை வைத்தாள். "அப்ப சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா?"

"முதல்ல நான் கம்பெனிக்குச் சொல்றேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக, துளி புளுகு கலக்காமல் எழுதினார். ஜெபமாலை, சுண்டல், களையெடுக்கும் மிஷின் எதையும் விடவில்லை. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், அவர் எழுதியதிலேயே நம்ப முடியாத கதை அதுதான். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார்.

"எல்லாரும் முட்டி போடுங்க!" என்றாள் பாத்திமா மேரி. "அண்ணன் கணக்கு திரும்பி வரணும். இன்னொரு ஐம்பத்து மூணு மணி ஜெபமாலை சொல்லிடுவோம்."

அத்தனை பேரும் முழங்காலில் நின்றார்கள். சுண்டல் ஆறியது, ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. மூலையில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரிய வெள்ளிக்குக்கூட இவர்கள் இப்படி உருகி அவர் பார்த்ததில்லை.

ரெமிஜியஸ் பூரித்துப்போனார். மனைவி பக்கமாகக் குனிந்தார்.

"என் எழுத்து மேல இவங்களுக்கு இவ்வளவு உசிரா, எல்சி?"

எல்சி மணியை உருட்டுவதை நிறுத்தாமல் முணுமுணுத்தாள்.

"படிச்சவ ஒருத்திகூடக் கிடையாதுங்க. எழுதுறதை நிறுத்திட்டீங்கன்னா, பழையபடி தெருவுல போற வர்றவங்களைக் கையைப் பிடிச்சு நிறுத்தி, வாயால சொல்ல ஆரம்பிச்சிருவீங்களேன்னுதான்!"