பன்னிரண்டு 'இல்லை'

கேள்வி மனைவிக்கு, பதில் சொன்னது கணவன். வலது கை விரல் முட்டிகளில் கட்டுப் போட்டிருந்த அந்தப் பெண் சோபாவின் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எதிரே இருந்த பென்சில் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீடு வீடாகப் போய்க் குற்றக் கணக்கு எடுப்பது அவள் வேலை. எதையும் பென்சிலால் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுவாள் என்பதால் அலுவலகத்தில் வைத்த பெயர் அது. போலீஸ் ஸ்டேஷனில் பதிவானது ஒரு கணக்கு. ஸ்டேஷன் பக்கமே போகாமல் ஜனங்கள் வீட்டுக்குள்ளேயே விழுங்கிவிட்டது இன்னொரு கணக்கு. அந்த இரண்டாவதைத் தோண்டி எடுப்பதில்தான் இவள் பிழைப்பு ஓடியது.

"போன ஒரு வருஷத்துல திருட்டு ஏதாவது நடந்துச்சா?"

கணவன் மனைவியை ஒரு பார்வை பார்த்தான். பிறகு, "சைக்கிள் ஒண்ணு போச்சு மேடம்" என்றான்.

"புகார் கொடுத்தீங்களா?"

"இல்ல. ஒரு சைக்கிளைக் காப்பாத்திக்கத் துப்பில்ல, இவன்லாம் ஒரு ஆம்பளையான்னு சிரிப்பாங்க."

'புகார் கொடுக்காத காரணம்: வெட்கம்' என்ற கட்டத்தில் அக்கா டிக் அடித்தாள். வழிப்பறி, ஜேப்படி, போனில் ஏமாற்று என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனாள். ஒவ்வொரு பதிலுக்கு முன்னாலும் அவன் மனைவியைப் பார்த்தான். வாயைத் திறந்தால் தெரியும் சேதி என்கிற பார்வை அது என்று அக்காவுக்கு எரிச்சல் மண்டியது.

அடுத்தது இரண்டாம் பகுதி. வீட்டுக்குள் நடக்கும் அடிதடி பற்றிய பன்னிரண்டு கேள்விகள். பெண்களிடம் மட்டும், தனியாகக் கேட்க வேண்டியவை.

போன வருஷம் இதே மாதிரி ஒரு வீட்டில் கணவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டு, பன்னிரண்டுக்கும் 'இல்லை' போட்டுவிட்டு வந்திருந்தாள். ஆறே மாதத்தில் அந்தப் பெண்ணின் படம் கொலைச் செய்தியோடு பேப்பரில் வந்தது. அன்றிலிருந்து 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடிக்கும் முன் எதையும் இரண்டு தடவை கேட்பாள். இன்னொருத்தியை அப்படி விட்டுவிட்டு வருவதில்லை என்று தீர்மானமாக இருந்தாள்.

"சார், இதை இவங்ககிட்ட தனியாத்தான் கேட்கணும். நீங்க கொஞ்சம் உள்ள போறீங்களா?"

அவன் தயங்கினான். மனைவி தலையசைத்ததும் எழுந்து சமையலறைக்குள் போனான். கதவை முழுசாக மூடவில்லை. ஒட்டுக் கேட்கத்தான், வேறெதற்கு!

அக்கா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பயப்படாம சொல்லும்மா. நீ சொல்றது எதுவும் வெளியே போகாது. உன்மேல அவர் கை நீட்டியிருக்காரா?"

"இல்லைங்க."

"கையில கிடைச்சதைத் தூக்கி வீசுறது?"

"அவரா?" என்று லேசாகச் சிரித்தாள் அவள். "இல்லைங்க."

"அப்போ இந்தக் கட்டு?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

கதவு! போகிற வீட்டிலெல்லாம் பெண்களுக்குக் காயம் பண்ணுவது இந்தக் கதவுதான். சரியாகக் கணக்கெடுத்தால் நாட்டிலேயே பெரிய ரவுடி அதுவாகத்தான் இருக்கும் என்று அக்கா மனசுக்குள் பொருமினாள்.

சமையலறையில் ஏதோ விழுந்து நொறுங்கியது. அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னங்க அது?" மனைவி திரும்பாமலே கேட்டாள்.

"டம்ளர்மா... கை தவறிடுச்சு. நானே கூட்டி எடுத்துடறேன், நீ வராத!" என்று உள்ளேயிருந்து அவசரமாகக் குரல் வந்தது.

வேண்டுமென்றே போட்டு உடைத்திருக்கிறான். வெளியாள் காதில் விழுவதற்காக இந்தப் பணிவு! அக்கா மீதிக் கேள்விகளைக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள், மாற்றி மாற்றிக் கேட்டாள், கெஞ்சாத குறையாகக் கேட்டாள். பன்னிரண்டுக்கும் 'இல்லை'தான்.

"உதவி வேணும்னா இந்த நம்பருக்குப் பேசும்மா. எந்த நேரமும் எடுப்பாங்க" என்று ஒரு சீட்டை நீட்டினாள்.

"எனக்கு எதுக்குங்க?" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் எழுந்துகொண்டாள்.

படியிறங்கும்போது அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. மறுபடியும் அதே பன்னிரண்டு கட்டங்கள், மறுபடியும் ஒரு பெண். பேப்பரில் அந்த முகத்தைப் பார்க்கும் தெம்பு தனக்கு இல்லை என்று நினைத்தபடி தெருவுக்கு வந்தாள்.

பின்னால் தடதடவென்று செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால், மூச்சிரைக்க அந்தக் கணவன் நின்றிருந்தான்.

அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. "என்ன சார், உங்க பொண்டாட்டி என்ன சொன்னாங்கன்னு தெரியணுமா? கவலையே படாதீங்க. எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னுதான் சொன்னாங்க!"

"அவ உண்மையத்தான் சொன்னா மேடம்" என்றான் அவன். மாடி ஜன்னலில் யாரும் இல்லையே என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டான். குரல் பாதியாக இறங்கிவிட்டது.

"அந்தப் பன்னெண்டையும் என்கிட்ட ஒரு தடவை கேளுங்களேன்."