அரைக்கட்டை

"நாலு வருஷமா ஒரே பாட்டு!" கிடார் மாஸ்டர் சலித்துக்கொண்டார். "தியரி புத்தகத்தையே கரைச்சுக் குடிச்சிட்டீங்க. ஆனா வருஷா வருஷம் இதையே சுருதியில இன்னும் அரைக்கட்டை இறக்கி, கிடார் கார்டை மாத்தி எழுதிட்டு வந்து நிக்கிறீங்க. மேல பாட எட்டலையா சார்?"

"நான் வாயே திறக்கிறதில்லையே" என்ற தையல்காரர், நோட்டில் எழுதியிருந்த புதிய கார்டுகளைக் கிடாரில் ஒருமுறை வாசித்துச் சரிபார்த்துக்கொண்டார்.

மாலையில் வீட்டில் அவர் வாசிக்க, மனைவி பாடினாள். உச்சத்திலும் குரல் உடையவில்லை.

"இந்த வயசுலயும் என்ன குரல்க்கா!" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"கல்யாணமான புதுசுல பாடின அதே சுருதி. இம்மியும் இறங்கல" என்று மனைவி பெருமைப்பட்டாள். "இவர்தான் பாவம், இந்த ஒரு பாட்டையே இன்னும் கத்துக்கிட்டிருக்கார்."

"என்ன செய்ய, எனக்கு மண்டையில ஏறல" என்று தையல்காரர் நோட்டை மூடினார்.