வாப்பாவின் மணிக்கூடு

"தங்கமா, அண்ணன்?"

பஹீமாவின் குரல் நடுங்கியது. பழைய மணிக்கூடுகள் வாங்கும் நல்லரத்தினம், அவள் கொண்டுவந்த மணிக்கூட்டை உரைகல்லில் உரசினார்.

"தங்கமெண்டா நல்ல விலை தருவன், தங்கச்சி. ஆர்ர இது?"

"மௌத்தான வாப்பாட. கண்ண மூடுற வரைக்கும் நாப்பது வருசம் கட்டினவர்."

அவள் உதடுகள் துஆ ஓதின. அமிலம் பட்டதும் கல்லிலிருந்த மஞ்சள் கோடு அழிந்துபோனது. அவள் முகத்தைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

"வெறும் பித்தளை, தங்கச்சி. தங்கம் துளியும் இல்ல."

பஹீமா விம்மி அழுதாள்.

"அழாதீங்க. ஏதும் பாத்துத் தாறன்."

"விலை வேணாம், அண்ணன். எங்கட மார்க்கத்துல ஆம்பிளையள் தங்கம் போடக்கூடா. பள்ளிவாசல்ல பாங்கு சொல்லித் தொழுகைக்குக் கூப்பிட்ட மனிசன், தங்கத்தக் கட்டிக்கிட்டுத்தானா தொழுதார் எண்டு, இது என்ட கைக்கு வந்த பத்து நாளா நான் தூங்கல்ல!"