மூன்றும் அதற்கு மேலும்

சாயப்பட்டறையின் கழிவுநீர் ஓடும் தெருவில் பெண்களை வரிசையில் நிறுத்தி, எத்தனை கரு கலைந்தது என்று கணக்கெடுத்தார்கள். தெருவுக்கே ஒரு படிவம், அதில் நான்கே கட்டங்கள்: பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்றும் அதற்கு மேலும். வேலாத்தாள் "ஏழு" என்றாள். கணக்கெடுப்பவர் கடைசிக் கட்டத்தில் இன்னொரு கோடு போட்டார்.

"என்னன்னு போட்டீங்க?"

"மூணுக்கு மேலன்னு."

"நான் ஏழுன்னு சொன்னேன்."

"எல்லாம் ஒண்ணுதாம்மா. ஆபீஸ்ல கொடுத்த கட்டம் அவ்வளவுதான்."

"அப்போ மிச்சம் நாலையும் உங்க ஆபீஸா சுமந்துச்சு?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. வேலாத்தாள் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி, தன் கோட்டையும் 'அதற்கு மேலும்' என்பதையும் அடித்தாள். அதன் கீழே கோணலாக நான்கு கட்டங்கள் வரைந்து, நான்கிலிருந்து ஏழு வரை எண் எழுதினாள். ஏழில் ஒரு கோடு போட்டாள். மற்ற மூன்றும் காலியாக இருந்தன.

"இந்தப் படிவம் இனிச் செல்லாதும்மா."

ஏற்கெனவே எண்ணிக்கை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன பாவாத்தாள் வாசலிலிருந்து இறங்கி வந்தாள்.

"சார், மூணுல இருக்குற என் கோட்டை அழிங்க. எனக்கு அஞ்சு."

அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு கதவுகள் திறந்தன.