ஏழாவது இன்டர்வியூ

"இதுதாம்மா டெஸ்ட். வேணும்னே சர்வரைக் கெடுத்து வெச்சிருக்கோம். அரை மணி நேரத்துல சரி பண்ணிட்டீங்கன்னா, வேலை உங்களுக்குத்தான்!"

மேனேஜர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. சொல்லிச் சொல்லிப் பழகிய பொய், வழுக்கிக்கொண்டு வந்தது.

சர்வரை யாரும் கெடுக்கவில்லை. காலையில் அதுவாகவே படுத்துவிட்டது. அதைக் கவனித்துக்கொண்டிருந்த லினக்ஸ் அட்மின் எட்டு மாதத்துக்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டார். "வேற ஆளே வேணாம் சார், நானே பாத்துக்கறேன்" என்று அன்றைக்கு முதலாளியிடம் மார்தட்டியவர் இதே மேனேஜர்தான். ஆனால் சர்வரை ஓட்டும் லினக்ஸின் கறுப்புத் திரையில் அவருக்கு ஒரு வரிகூடப் புரியாது. அதனால் சர்வர் படுக்கும்போதெல்லாம் விண்ணப்பக் கட்டிலிருந்து ஒருவரை இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார். வருகிறவர் டெஸ்ட் என்று நம்பிச் சரிசெய்துவிட்டுப் போவார். இப்படியே ஆறு முறை தப்பித்தாயிற்று.

இன்று மூன்று மணிக்கு முதலாளி வருகிறார். அதற்குள் சர்வர் எழுந்திருக்காவிட்டால் மேனேஜர் பாடு அதோகதிதான்.

"பாஸ்வேர்ட் சார்?" என்றாள் வந்திருந்த பெண்.

பர்ஸில் மடித்து வைத்திருந்த துண்டுச் சீட்டை நீட்டிவிட்டு, அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அவள் லாகின் செய்தாள். திரையில் எதையோ நிதானமாகப் படித்தாள். பிறகு திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேலை நிச்சயமா காலி இருக்குதானே சார்?"

"இதென்னம்மா கேள்வி! நாற்காலிகூட ரெடி."

அவள் திரையின் பக்கம் திரும்பினாள். படபடவென்று தட்ட ஆரம்பித்தாள். மேனேஜர் கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். இருபதாவது நிமிடம், வெளியே யாரோ "சர்வர் வந்துருச்சு!" என்று கத்தினார்கள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"என்னதாம்மா ஆச்சு அதுக்கு?"

"டிஸ்க் நிரம்பிடுச்சு சார். சர்வர் நாள்பூரா குறிப்பெழுதற பெரிய லாக் ஃபைல் ஒண்ணை யாரோ அழிச்சிருக்காங்க. ஆனா ஒரு புரோகிராம் அதை விடாம பிடிச்சிட்டிருந்தது. வீட்டைக் காலி பண்ணிட்டு சாவியைக் குடுக்காத ஆள் மாதிரி. அந்த புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓட விட்டேன், இடம் கிடைச்சிருச்சு."

ஒன்றும் புரியாவிட்டாலும் மேனேஜர் பலமாகத் தலையாட்டினார். அவளோ இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அதான் முடிஞ்சுதே, இன்னும் என்ன?"

"செஞ்சதை எழுதி வெக்கறேன் சார். அடுத்து வர்றவங்களுக்கு உதவும்."

"நல்ல பழக்கம்! ரெண்டே நாள்ல கூப்பிடறோம்மா."

மூன்று மணிக்கு முதலாளி வந்தார்.

"அட்மினே இல்லாம எட்டு மாசமா ஓட்டிட்டீங்களே, பெரிய விஷயம்தான்! எங்க, ஒரு தடவை லாகின் பண்ணிக் காட்டுங்க."

சர்வர்தான் ஓடுகிறதே என்ற தெம்பில், மேனேஜர் சீட்டைப் பார்த்துப் பார்த்து முதல்முறையாகத் தானே பாஸ்வேர்டைத் தட்டினார். லாகின் ஆனதுமே திரை நிறைய ஓர் அறிவிப்பு வந்து நின்றது. முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"'அடுத்து இன்டர்வியூவுக்கு வருபவருக்கு வணக்கம். இங்கே வேலை எதுவும் காலி இல்லை. இது டெஸ்டும் இல்லை, சர்வர் நிஜமாகவே கெட்டிருக்கிறது. அது என்ன பாவம் செய்தது? சரிசெய்துவிட்டு, பெயரையும் போன் நம்பரையும் கீழே சேர்த்துவிட்டுப் போங்கள். என்றைக்காவது முதலாளி கண்ணில் படும்.'"

கீழே ஏழு பெயர்கள். கடைசிப் பெயருக்கு நேரே இன்றைய தேதி.

முதலாளி போனை எடுத்து, கடைசி நம்பரைப் பார்த்து அழுத்தினார்.

"அம்மா, இங்க வேலை காலி இல்லைன்னு எழுதியிருக்கே, அது தப்பு. இப்பத்தான் மேனேஜர் வேலை ஒண்ணு காலியாச்சு" என்றவர், பக்கத்தில் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தவரை எழுந்திருக்கச் சொல்லிச் சைகை காட்டினார். "வந்துருங்க, நாற்காலிகூட ரெடி."